நரம்புக் கணத்தாக்கத்தின் வேகம்

நரம்பிழை வழியே கணத்தாக்கம் ஒரு செக்கனில் கடக்கும் தூரமே அதன் வேகம். மனித உடலில் இது அரை மீற்றரிலிருந்து 120 மீற்றர் வரை வேறுபடும். 1850இல் ஹேர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் இதை முதன்முதலில் அளந்து, செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர் எனக் கண்டார். அதுவரை இதை அளக்கவே இயலாது என்று அவரது ஆசிரியர் யொகான்னஸ் முல்லர்கூட எண்ணியிருந்தார்.

வேகத்தைத் தீர்மானிப்பதில் மயலின் உறைக்கே முதலிடம். கொழுப்பு மிகுந்த இவ்வுறை மின்கசிவைத் தடுப்பதால், கணத்தாக்கம் உறையில்லாத கணுக்களில் மட்டும் புதுப்பிக்கப்பட்டு விரைகிறது. இழை தடித்தால் உள்தடை குறைந்து வேகம் இன்னும் கூடும். இரணைமடு வயல் வரம்பில் காலில் முள் தைத்தால் சுரீரென்ற வலி முந்துகிறது. அது மெல்லிய உறையுள்ள இழைகளில் வருவது. பிந்தி எழும் கடுப்பு, உறையற்ற இழைகளில் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் வேகத்தில் வருவது.

உடல் குளிர்ந்தாலும் வேகம் குறையும். கையின் வெப்பம் ஒரு பாகை இறங்க, ஏறத்தாழ 2 மீற்றர் இழக்கப்படும். பிறந்த குழந்தையில் வேகம் வளர்ந்தவரின் பாதியளவே. நீரிழிவும் தொழுநோயும் அதைக் குறைக்கின்றன.

வன்னியில் இவ்விடயத்துக்குத் தனிக் கனம் உண்டு. 2009இல் முடிந்த போரின் எறிகணைச் சிதறல்களால் நரம்பு அறுபட்டும் நசிந்தும் போனவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்களில் இன்றும் வாழ்கின்றனர். அறுபட்ட புற நரம்பு மீள வளர்ந்தாலும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வளரும். மேற்கைக் காயத்திலிருந்து விரல்களை எட்ட ஓராண்டுக்கு மேலாகலாம். புதிதாக உருவாகும் மயலின் மெல்லியது, கணுக்களும் நெருக்கமானவை. ஆகவே தசை இயங்கத் தொடங்கிய பின்னரும் பழைய வேகம் முழுதாகத் திரும்புவதில்லை. வடுவை மட்டும் பார்த்து, ஆறிவிட்டது என்று சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. முண்ணாணில் அறுபட்ட இழைகளோ இந்த அளவுக்குக்கூட மீள்வதில்லை.

கட்டுவிரியனின் நஞ்சு வேறு வகையில் வேலை செய்கிறது. அது முக்கியமாகத் தாக்குவது நரம்பு முனை தசையைச் சந்திக்கும் இடத்தை. கணத்தாக்கம் வழமையான வேகத்தில் வந்து சேர்ந்தும் தசை அசையாது; மூச்சுத் தசைகளும் ஓயலாம். கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர் வயிற்றுவலியோடும் சரிந்த இமைகளோடும் எழுந்தால், பாம்பைக் காணாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.