பேரிடருக்குப் பின் ஆண்கள் வெளியே சொல்லாத பாதிப்பு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கிழக்குக் கரையில் இறந்தவர்களில் பெண்களும் சிறுவர்களுமே அதிகம். உயிர்தப்பிய ஆண்களுக்கு, உறவுகளைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற குற்றவுணர்வு எஞ்சியது. போரிலும் இதே வலியைச் சுமந்தவர்கள் நம்மிடையே உள்ளனர்.

இத்தகைய உளநெருக்கீடு தாம்பத்திய வாழ்வையும் பாதிக்கும். ஆபத்தின்போது உடல் அட்ரினலினைச் சுரந்து, தப்பியோடத் தயாராகிறது. அப்போது ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விறைப்பு ஏற்பட அவை விரிய வேண்டும். ஆபத்து நீங்கிய பின்னரும் நித்திரையின்மை, கெட்ட கனவு, திடுக்கிடல் எனப் பதற்றம் நீடித்தால் விறைப்புக் குறைபாடு, நாட்டமின்மை, விந்து முந்துதல் ஆகியன தோன்றலாம். முகாம் வாழ்வில் தனிமை கிடைக்காததும் தொழில் இழப்பும் இதை மேலும் கூட்டும். துயரை மறக்கக் குடிப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

அதிகாலையில் வழமைபோல் விறைப்பு ஏற்பட்டால், காரணம் பெரும்பாலும் மனம் சார்ந்தது. அதுவும் இல்லையெனில் நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இதயநோய் உள்ளனவா எனப் பரிசோதிக்க வேண்டும். மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் இப்பாதிப்பை ஏற்படுத்தலாம். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். வைத்தியரிடம் கூறினால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

இது ஆண்மைக்கு நேர்ந்த இழுக்கு அல்ல. சிகிச்சையால் சீராகக்கூடிய பாதிப்பு. கணவன் விலகிப்போவதை வெறுப்பென மனைவி எண்ணக்கூடும். ஆகவே அவரிடம் மனந்திறந்து பேசுங்கள். விளம்பர லேகியங்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் உளவளத்துணை இலவசமாகக் கிடைக்கும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.