நான்கு சுவருக்குள் சாதி இழிவு: குடும்ப வன்முறைச் சட்டம் தரும் வழி

பட்டியல் சாதியல்லாத ஆணை மணந்த தலித் பெண்ணை, கணவனோ மாமியாரோ வீட்டிற்குள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. அவமதிப்பு பொதுமக்கள் பார்வையில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவருக்குள் பேசப்பட்டது இதில் அடங்காது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சாதி வன்மம் அன்றாடம் அரங்கேறும் இடமே சட்டத்தின் பார்வைக்கு வெளியே நின்றுவிட்டது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை. இழித்துரைப்பதும் ஏளனம் செய்வதும் அதன் 3ஆம் பிரிவின்படி வன்முறையே. ஆனால் பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவம், வரதட்சணை, ஆண் குழந்தையின்மை குறித்த வசைகளைப் பட்டியலிடுகிறதே தவிர, சாதியைத் தனியே குறிப்பிடவில்லை. ஆகவே ‘பிற’ என்னும் இடத்தில், பேசப்பட்ட சொற்களை அப்படியே, நாளுடன் எழுதும்படி வற்புறுத்த வேண்டும். பிள்ளைகளை நோக்கிச் சொன்னவற்றையும் விடலாகாது; 21ஆம் பிரிவின்கீழ் அவர்களைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் வைக்கக் கோரும்போது அவை துணைநிற்கும்.

தமிழ்நாட்டில் பாதுகாப்பு அலுவலரை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் காணலாம். 181 உதவி எண்ணையும் அழைக்கலாம்.