பிளாக்ளரின் கடல்வழி இருப்புப் பாதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியில், பிளாரிடா தீபகற்பத்தின் நுனியிலிருந்து தென்மேற்கே வளைந்து செல்லும் சிறு தீவுகளைப் பாலங்களாலும் மண்கரைகளாலும் ஒன்றோடொன்று பிணைத்து, கீ வெஸ்ட் துறைமுகம் வரை அமைக்கப்பட்டிருந்த இந்தப் பாதையில் 1912 முதல் 1935 வரை வண்டிகள் ஓடின.

இதனை அமைத்த ஹென்றி மாரிசன் பிளாக்ளர் (1830-1913), ராக்பெல்லருடன் சேர்ந்து ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியை ஸ்தாபித்துப் பெருந்தனவந்தரானவர். செயின்ட் அகஸ்டீன் நகரில் 1888-ல் பிரம்மாண்டமான ஹோட்டல் ஒன்றைத் திறந்த அவர், விருந்தினர் வந்து சேர்வதற்கென்றே சிறு ரயில் பாதைகளை விலைக்கு வாங்கித் தெற்கே நீட்டிக்கொண்டு போய், 1896-ல் மயாமியை எட்டினார். அத்துடன் நின்றிருந்தால் லாபத்தோடு நின்றிருப்பார். பனாமாக் கால்வாயை அமெரிக்கா வெட்டப்போவது நிச்சயமானதும், அவ்வழியே வரும் கப்பல்களெல்லாம் கீ வெஸ்டை நாடும் என்று கணித்து, 1905-ல், எழுபத்தைந்தாம் வயதில், சமுத்திரத்தின்மேல் பாதை போடத் துணிந்தார். பித்துக்கொள்ளித்தனம் என்று பலர் பரிகசித்தனர்.

குடிநீரைக்கூடப் பெருநிலத்திலிருந்தே கொண்டுவர வேண்டியிருந்தது. 1906-ஆம் ஆண்டுப் புயலில், தொழிலாளர் தங்கியிருந்த படகு வீடு அடித்துச் செல்லப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1909-லும் 1910-லும் மறுபடி புயல்கள் தாக்கின. ஆயினும், நீருக்கடியில் இறுகும் சிமெண்டை ஜெர்மனியிலிருந்து தருவித்துத் தூண்களை எழுப்பி, ஏழு மைல் நீளப் பாலத்தையும் முடித்து, 1912 ஜனவரி 22 அன்று, பார்வை பெரிதும் மங்கிய பிளாக்ளரே தம் சொந்த ரயில் பெட்டியில் கீ வெஸ்ட் வந்திறங்கினார். மறு ஆண்டு காலமானார்.

எதிர்பார்த்த கப்பல் வர்த்தகம் வாய்க்கவில்லை. 1931-ல் ரயில் கம்பெனி நொடித்தது. 1935 செப்டம்பர் 2 அன்று வீசிய சூறாவளி, முன்னாள் போர்வீரர் பலர் உட்பட நானூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதுடன், மீட்கச் சென்ற ரயிலின் பெட்டிகளையும் புரட்டித் தள்ளியது. எஞ்சின் மட்டுமே தண்டவாளத்தில் நின்றது. மண்கரைகள் பல மைல் தூரம் கரைந்துபோயினும் பாலங்கள் அசையவில்லை என்பதே அவற்றைக் கட்டிய பொறியியலாளரின் திறமைக்குப் போதிய சான்று. பாதையை விலைக்கு வாங்கிய அரசாங்கம், அப்பாலங்களின்மேலேயே மோட்டார் சாலை அமைத்து 1938-ல் திறந்தது. பஹியா ஹோண்டாவில் இரும்புச் சட்டங்களுக்கிடையே இரு வண்டிகளுக்கு இடம் போதாமையால், சாலையைச் சட்டங்களின் உச்சியில் ஏற்றினார்கள்.

1982-ல் புதிய ஏழு மைல் பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில், தொழிலாளர் குடியிருப்பு இருந்த பிஜன் கீ தீவு வரையுள்ள பகுதி பழுதுபார்க்கப்பட்டு, 2022 முதல் மீண்டும் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் பயன்படுகிறது. பாம் பீச்சிலுள்ள பிளாக்ளரின் மாளிகை பொருட்காட்சிசாலையாகி, அவர் பிரயாணம் செய்த 91-ஆம் எண் பெட்டியையும் காத்துவருகிறது. செயின்ட் அகஸ்டீன் ஹோட்டல் இன்று அவர் பெயராலேயே கல்லூரியாக நடைபெறுகிறது.