குமாரி கமலா: மயூரத்திலிருந்து நியூயோர்க் வரை

ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ படம் 1947 ஜனவரியில் வெளிவந்தது. இந்தியா சுதந்திரம் அடைய இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுக்கு ஆடிய குமாரி கமலாவுக்கு அப்போ பன்னிரண்டு வயசுதான். எங்கட அம்மம்மாமாரின் தலைமுறைக்கு பரதநாட்டியம் எண்டாலே இந்தப் பிள்ளையின் முகம்தான்.

1934 இல் மயூரத்தில் (இண்டைக்கு மயிலாடுதுறை) பிறந்தவர் கமலா. பம்பாயில் கதக் படித்தார். பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு முன்னமே சினிமாவுக்குள் வந்துவிட்டார். பிறகு வழுவூர் இராமையாபிள்ளையிடம் பரதம். 1944 இல் ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் ஆடிய பாம்பு நடனம் பெரிய பேரைக் கொடுத்தது. சபா டிக்கெட் வாங்க வசதியில்லாத சனம் கூட டூரிங் டாக்கீஸில் இருந்து பரதம் பார்த்தது இவரைப் போன்றவர்களால்தான். படம் பார்த்த குடும்பங்கள் தங்கட பெண் பிள்ளைகளையும் ஆட விட்டன.

ஆனா கதையின் மற்றப் பக்கத்தையும் நாங்கள் பார்க்கவேணும். அதே 1947 இல்தான் சென்னை மாகாணம் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை அது தடை செய்தது. அதற்காக நெடுங்காலம் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். ஆகவே சட்டமே தேவையில்லை எண்டு சொல்ல வரேல்ல. ஆனா தலைமுறை தலைமுறையாய் ஆடி வந்த பெண்களுக்கு மேடையும் போனது, மரியாதையும் சேர்ந்து வரவில்லை. அதே ஆட்டம் பிராமண வீட்டுப் பிள்ளை ஆடினபோது ‘தெய்வீகக் கலை’ ஆனது. சொல்லிக்கொடுத்த நட்டுவனார்கள் பலரும் இசை வேளாளர்கள். வழுவூரார் கூட அப்படித்தான். அவர்களின் வித்தை வேண்டும், அவர்கள் வீட்டுப் பெண்கள் மேடையில் வேண்டாம் எண்ட நிலை. இதில் சின்னப் பிள்ளையான கமலாவைக் குற்றம் சொல்ல ஒண்டுமில்லை. கதவு யாருக்குத் திறந்தது எண்டதுதான் கேள்வி.

1970 இல் கமலாவுக்கு பத்மபூஷண் கிடைத்தது. 1980 இல் நியூயோர்க் போய், அங்கே புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு வழுவூர் பாணியைப் படிப்பித்தார். 2010 இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் அவருக்கு மரபுரிமை விருது கொடுத்தது. அவருக்கு முன்பே, இசை வேளாளர் குடும்பத்தில் வந்த பாலசரஸ்வதியும் அமெரிக்காவில்தான் பலருக்கு நடனம் படிப்பித்தார். இரண்டு வேறு வாசல்களால் வந்த இருவரும் கடைசியில் ஒரே நாட்டில் ஆசிரியைகள்.

இண்டைக்கு வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் நடன வகுப்புகளுக்குக் குறைவில்லை. அரங்கேற்றத்துக்கு மண்டபம், பக்கவாத்தியம், உடுப்பு, சாப்பாடு எண்டு காசு தண்ணியாய் ஓடும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை எவ்வளவு நல்லா ஆடினாலும் அரங்கேற்றம் தள்ளித் தள்ளிப் போகும். சாதியாலே மூடின கதவை இப்ப காசும் சேர்ந்து மூடுது.

அரங்கேற்ற மலர்களில் பிரதம விருந்தினரின் ஆசியுரைக்கு ஒரு பக்கம் முழுசா ஒதுக்குகிறம். அதில் பாதிப் பக்கத்தையாவது இந்த ஆட்டத்தைக் காப்பாற்றித் தந்த பெண்களின் வரலாற்றுக்குக் கொடுப்பம். கமலாவின் பெயர் அதில் வரட்டும். பாலசரஸ்வதியின் பெயரும் வரட்டும்.