சமபந்தியில் விடுபட்ட கறி

சமபந்தியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இலையில் என்ன இருந்தது, அதை யார் சமைத்தார்கள், என்ன பெயர் சொல்லிப் பரிமாறினார்கள் என்ற கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் குறைவு. நமக்கு அந்தக் கேள்விகள்தான் முக்கியம், தோழர்களே.

1917 மே 29 அன்று கொச்சிக்கு அருகே செறாயியில் சகோதரன் ஐயப்பன் நடத்திய மிசிரபோஜனத்தை எடுத்துக்கொள்வோம். ஐயப்பன் ஈழவர். அன்று அவருக்கு வயது 27. அவரும் நண்பர்களும் புலையர் சிறுவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறும், கடலையும் பலாக்கொட்டையும் சேர்த்த மெழுக்குப்புரட்டியும்தான் விருந்து. பலாக்கொட்டையைக் குறைசொல்ல யாருக்கும் எதுவும் இல்லை, அது எல்லா ஏழை வீட்டிலும் வேகிறதுதான். ஆத்திரம் எழுந்தது உடன் உட்கார்ந்தவர்களின் மேல். கலந்துகொண்ட ஈழவக் குடும்பங்களை அவர்களுடைய சாதியாரே ஒதுக்கிவைத்தார்கள். ஐயப்பனைப் 'புலையன் ஐயப்பன்' என்று ஏசினார்கள். அவர் அந்தப் பெயரைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது சேரன்மாதேவி. காங்கிரசின் நிதியுதவியோடு வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். அந்தப் பூசல் 1925இல் தமிழ்நாடு காங்கிரசையே உலுக்கியது. முக்கியமான போராட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கு முழுக்கப் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற எல்லைக்குள்ளேயே பேசப்பட்டது. சேரிப்பிள்ளை அந்தப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது விவாதத்தின் மையத்துக்கு வரவே இல்லை.

பிறகு சமபந்தி அரசு நிகழ்ச்சியானது. சுதந்திர தினத்தன்று கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. அமைச்சரும் ஆட்சியரும் வரிசையில் உட்காருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. இலையில் சாம்பார், வடை, பாயசம். கோயில் என்பதால் சைவம் என்று விளக்கம் சொல்லலாம். சரி, ஆனால் சமத்துவத்தை நிரூபிக்கக் கோயிலைத் தேர்ந்தெடுத்தது யார்? சமபந்தி என்றால் நாம் நம் சட்டியை வீட்டில் வைத்துவிட்டு அவர்கள் இலைக்கு வருவது என்றே பழகிவிட்டது. அவர்கள் நம் வீட்டுச் சட்டிக்கு வருவது எந்த அரசாணையிலும் இல்லை. நம் பெண்கள் சமைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்தார்கள்.

சேர்ந்து சாப்பிடுவதால் சாதி சாகாது என்பதை அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் சொல்லிவிட்டார். அவர் முன்வைத்த தீர்வு சாதிமறுப்புத் திருமணமும், சாதிக்கு அடிப்படையாக இருக்கும் சாத்திரங்களின் அதிகாரத்தை உடைப்பதும். அதே அம்பேத்கர் 1927இல் மகாடில் செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள் என்று நம் மக்களிடம் கேட்டார். மாட்டுக்கறிக்காகப் பேசும்போதெல்லாம் இதை எடுத்து நம் முன் நீட்டுகிறார்கள். செத்த மாட்டைத் தூக்குவது ஊர் நம்மேல் சுமத்திய ஊழியம், அந்த இறைச்சி அந்த ஊழியத்தின் கூலி. அவர் உடைக்கச் சொன்னது அந்த ஊழியத்தை. மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை ஒரு வரலாற்றுக் கேள்வியாகவே எடுத்து, 1948இல் தீண்டப்படாதார் பற்றிய நூலில் விரிவாக எழுதினார்.

இனி பெயர்களுக்கு வருவோம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அவரவர் வீட்டுச் சமையலை எடுத்து வந்து பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். சாப்பாட்டை விடச் சண்டைதான் ருசி. ஒருமுறை பாத்திரங்களுக்குமேல் பெயர் எழுதி ஒட்டலாம் என்று ஒரு மாணவி ஆரம்பித்தார். முதல் பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. சோறா, சாதமா? கல்யாண மண்டபத்தில் சாதம், நம் வீட்டில் சோறு. ஊன்சோறு சங்க இலக்கியத்தில் மன்னர்கள் போட்ட விருந்து. அந்தச் சொல்தான் இன்று 'சோத்துக்கு அலையறவன்' என்று வசவாகிவிட்டது.

அடுத்த பாத்திரம் இன்னும் மோசம். பீஃப் என்று எழுதினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்றார் ஒருவர். அதனால்தான் மாட்டுக்கறி என்று எழுத வேண்டும் என்றார் இன்னொருவர். அருந்ததியர் தோழர் ஒருவர் தங்கள் வீட்டுத் தெலுங்கில் அது 'பெத்த கூர' என்றார், பெரிய கறி. உருதுக்காரர்களும் 'படா' என்று பெரியதாகத்தான் சொல்கிறார்கள். மாட்டின் பெயரை வாயால் சொல்லாமல் மாட்டைச் சாப்பிட வேண்டியிருந்த மக்களின் சொற்கள் இவை. அந்த எச்சரிக்கை வெட்கத்தால் வந்தது என்று நாம் நினைக்கவில்லை, பக்கத்துத் தெரு காதில் விழக்கூடாது என்ற பயத்தால் வந்தது.

உப்புக்கண்டத்துக்கு மட்டும் சண்டையே வரவில்லை. கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயப்போடுவது. கறி கிடைக்கும்போது மொத்தமாகக் கிடைக்கும், பிறகு நாள்கணக்கில் கிடைக்காது, குளிர்பெட்டியும் இல்லை. அதனால் வந்த தொழில்நுட்பம் இது. மராத்வாடாவின் மகர், மாங் மக்கள் இதையே 'சான்யா' என்கிறார்கள். ஷாஹூ பாட்டோளே 2015இல் மராத்தியில் எழுதிய 'அன்ன ஹே அபூர்ணபிரம்ம' நூலில் சான்யாவோடு ரத்தத்தில் செய்யும் ரக்தியும் குடலில் செய்யும் வஜ்ரியும் பெயரோடு பதிவாகியிருக்கின்றன. அன்னம் முழுமையான பிரம்மம் என்பது அங்கே சாப்பிடும்முன் சொல்லும் வழக்கு. அதை அவர் தலைப்பிலேயே திருப்பிப் போட்டார்: குறைபட்ட பிரம்மம். மராத்தி சமையல் நூல்களில் இடம் கிடைக்காத ஒரு சமையலுக்கு அவர் தனிநூலே எழுத வேண்டியிருந்தது.

தமிழில் அப்படி ஒரு நூல் எழுதும் வேலை நமக்குக் காத்திருக்கிறது. அதற்கிடையில் 2022 மே மாதம் நடந்ததை மறக்க வேண்டாம். ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் முடிவு செய்தது. பட்டியலில் மாட்டுக்கறி பிரியாணி இல்லை. தோல் தொழிலின் ஊரில், தலித்துகளும் இஸ்லாமியர்களும் நிறைந்த ஊரில், தெருவுக்குத் தெரு விற்கிற ஒன்றுக்கு அரசுப் பட்டியலில் பெயர் இல்லை. எதிர்ப்பு எழுந்தது. இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுக்கறியைச் சேர்ப்பதைவிட விழாவையே தள்ளிவைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது என்றே நாம் அதைப் புரிந்துகொள்கிறோம்.

அடுத்த கூடுகைக்கு வரும் தோழர்கள் சாப்பாட்டோடு ஒரு தாளும் கொண்டு வாருங்கள். அந்தப் பதார்த்தத்தை உங்கள் பாட்டி என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார், வெளி ஆட்கள் முன்னால் என்ன பெயர் சொன்னார், இரண்டையும் அதில் எழுதுங்கள்.