செங்கற்பட்டு நீட்டிய கைகள்

செங்கற்பட்டு மாவட்ட வரலாறு என்றதும் மாமல்லையின் கற்றளிகளையும் கல்பாக்கத்தின் அணுஉலைகளையும் கூறுவோம். மருத்துவ உலகம் இம்மாவட்டத்தை அறிந்தது வேறொன்றால்.

1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் தொடங்கப்பெற்றது. காசநோயை இவ்வூசி எவ்வளவு தடுக்கும் என்றறிய, 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் ஏறத்தாழ 2,60,000 பேர் கை நீட்டினர். சிலருக்குத் தடுப்பு மருந்து. சிலருக்கு மருந்தில்லா ஊசி. நுரையீரல் காசத்தை ஊசி தடுக்கவில்லை என்றது 1979-இல் வெளிவந்த முதல் அறிக்கை. 15 ஆண்டுத் தொடராய்வின் அறிக்கையும் 1999-இல் அதனையே உறுதிசெய்தது.

காரணம் என்ன? விடை, காசத்தை எதிர்த்துநிற்கும் டி அணுக்களிடம் தேடப்படுகிறது. இவை வளரும் தைமஸ் சுரப்பியின் பணியை 1961-இல் கண்டறிந்தவர் ஜாக் மில்லர். அங்கே தன் ஏற்பி வழியே அளவான குறிப்பைப் பெறும் அணு பிழைக்கும். பெறாததும் மடியும், மிகையாகப் பெற்றதும் மடியும். வெளிவந்தபின் அதனை வாழவைப்பவற்றுள் முதன்மையானது இன்டர்லூக்கின்-7 என்னும் புரதம் தரும் குறிப்பு. மண்ணிலும் நீரிலும் வாழும் காசக்கிருமியின் உறவுக்கிருமிகள் இவ்வணுக்களை முன்னரே பழக்கிவிட்டமையால் ஊசியின் பயன் மறைந்தது என்பர் ஒருசாரார். அது முடிந்த முடிபன்று.

மழலையரின் மூளையுறைக் காசத்தைத் தடுப்பதால் அவ்வூசி இன்றும் இடப்படுகிறது. எதனைத் தடுக்கும், எதனைத் தடுக்காது என்னும் தெளிவை உலகுக்குத் தந்தவை சிற்றூர் மக்களின் கைகளே. கல்லில் பெயர் பொறிக்கப்படாத அவர்களுக்கும் நம் மாவட்ட வரலாற்றில் ஓரிடம் வேண்டும்.