எந்தக் காசு நூலை நம்புவது? தென்னிந்திய நாணயக் கையேடுகளின் ஒன்றரை நூற்றாண்டு

தமிழகத்துப் பழங்காசு சேகரிப்பவர்கள் முதலில் காசை வாங்கிவிட்டு, பிறகுதான் அதைப் பற்றிய நூலைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருந்திருந்தால் பலருக்குப் பணம் மிஞ்சியிருக்கும். நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரே காசை ஒரு நூல் பாண்டியருடையது என்கிறது, இன்னொன்று சோழருடையது என்கிறது. இதில் எதை, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அறிய, அந்நூல்கள் எப்படி உருவாயின என்று பார்க்க வேண்டும். ஆசிரியரின் புகழ் நூலின் நம்பகத்தன்மைக்கு அளவுகோல் ஆகாது. அவர் சொன்னதை வாசகர் தாமே சரிபார்க்கும் அளவுக்குச் சான்று தந்திருக்கிறாரா என்பதே அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அதிகாரிகளும் பாதிரிமார்களும்

தொடக்கம் காலின் மெக்கன்சியின் தொகுப்பு. நிலஅளவைப் பணியில் ஊர் ஊராகச் சென்றபோது சுவடிகளோடு காசுகளையும் அவர் திரட்டினார். எச். எச். வில்சன் 1832இல் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' இதழில் நாணயங்களைப் பற்றி எழுதியபோது தென்னிந்தியக் காசுகளும் அறிஞர் பார்வைக்கு வந்தன. அரச மரபுகளின் பட்டியலே சரியாகத் தெரியாத காலம் அது.

அடுத்து வந்தவர் வால்டர் எலியட். சென்னை மாகாண அதிகாரி. காசுகளைக் குறித்து 1858 முதல் 'மெட்ராஸ் ஜர்னல்' இதழில் எழுதியவர். இவருடைய 'காயின்ஸ் ஆஃப் சதர்ன் இந்தியா' 1886இல் லண்டனில் வெளிவந்தது. மறு ஆண்டே அவர் காலமானார். இன்றும் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி எழுதும் எவரும் இந்நூலின் எண்களைக் குறிப்பிடாமல் நகர முடியாது. அதன் பலமும் பலவீனமும் ஒரே காசில் தெரிகின்றன. உத்தம சோழனின் பொற்காசு ஒன்றை எலியட் பதிவு செய்தார். அமர்ந்த புலி, அதன் எதிரே மீன், இடையில் கிரந்த எழுத்தில் மன்னன் பெயர். மூலக்காசு பிற்பாடு காணாமல் போயிற்று. எஞ்சியிருப்பது கண்ணால் பார்த்து வரைந்த படம் மட்டுமே. எலியட் வரைந்திராவிட்டால் அந்தக் காசு இருந்ததே நமக்குத் தெரியாது. ஆனால் வரைந்த கை ஒரு கோட்டைக் கூட்டியதா குறைத்ததா என்று இனி யாரும் பார்த்துச் சொல்லவும் முடியாது.

1880களின் இறுதியில் நூல்கள் வரிசையாக வந்தன. லோவெந்தால் பாதிரியாரின் திருநெல்வேலிக் காசுகள் பற்றிய நூல் 1888இல் வெளியானது. ஜேம்ஸ் டிரேசி பாதிரியார் பாண்டியர் காசுகளைப் பற்றி எழுதினார். ராணுவ அதிகாரி டஃப்னெலின் 1889ஆம் ஆண்டு நூல், தலைப்பிலேயே தென்னிந்தியக் காசு சேகரிப்போருக்கான குறிப்புகள் என்று சொல்லிக்கொண்டது. குறிப்பிட்ட வட்டாரத்துக் காசுகளில் ஊன்றியவர்கள் எழுதியதால், எந்த வகைக் காசு எந்தப் பகுதியில் அதிகம் புழங்கியது என்ற செய்தி அவர்களிடம் கிடைக்கிறது. அரச மரபை அடையாளம் சொல்லும் இடத்தில்தான் கவனம் தேவை. மீன் என்றால் பாண்டியர், புலி என்றால் சோழர், வில் என்றால் சேரர் என்ற எளிய கணக்கு அன்று பலரை இழுத்தது. சோழர் காசுகளிலேயே புலி, மீன், வில் மூன்றும் சேர்ந்து வருவதால் இந்தக் கணக்கு அங்கேயே உடைகிறது.

புதையல் சட்டம் செய்த உதவி

நாணயவியலுக்குப் பெரிய உதவி செய்தது ஒரு சட்டம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இதனால் காசுக் குவியல்கள் தட்டானின் மூசைக்குப் போகாமல் ஓரளவாவது சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. வரும்போதே கிடைத்த ஊரின் பெயரும் கோப்பில் ஏறியது. அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் மைசூர், ரோமானியர், இந்தோ-போர்ச்சுகீசியர், இலங்கைக் காசுகளுக்குப் பட்டியல்கள் வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி நாணய வரலாற்றை 1890இல் எழுதினார். படிக்கச் சுவையற்ற பட்டியல்கள்தாம். ஆனால் அவற்றில் உள்ள காசு எங்கே இருக்கிறது என்று தெரியும், போய்ப் பார்க்கலாம்.

இலங்கை நூல் ஒன்றும் தமிழகத்துச் சேகரிப்பாளர் மேசையில் இருக்க வேண்டியது. எச். டபிள்யூ. காட்ரிங்டனின் 'சிலோன் காயின்ஸ் அண்ட் கரன்சி' 1924இல் கொழும்பு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் பெயரும் கொண்ட ராசராசனின் செப்புக்காசு நம் ஊரில் மிகப் பரவலாகக் கிடைப்பது. அதே அமைப்பை முதலாம் பராக்கிரமபாகு முதலிய இலங்கை மன்னர்களும் பின்பற்றினர். எழுத்து தேய்ந்த காசை ராசராசன் காசு என்று விற்பது எளிது. அதை மறுக்கக் காட்ரிங்டன் உதவுவார். படுத்த காளையும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் உள்ள காசுகள் ராமநாதபுரம் சேதுபதிகளுடையவையா, யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளுடையவையா என்ற விவாதத்திலும் இவர் யாழ்ப்பாணத்தின் பக்கம் நின்றார். அதுவே இன்று ஏற்கப்பட்ட முடிவு. அவர் தரும் எடைகள் கிரெய்ன் கணக்கில் இருக்கும். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம் என்று பெருக்கிக்கொள்ள வேண்டும்.

டி. தேசிகாச்சாரியின் 'சவுத் இந்தியன் காயின்ஸ்' (1933), இந்திய நாணயவியல் கழகம் வெளியிட்ட பிடல்ஃபின் பாண்டியர் (1966), சோழர் (1968) நூல்கள் ஆகியவை பழைய செய்திகளைத் தொகுத்துத் தந்தன. புதிதாக வாங்குபவருக்கு வசதியானவை. ஆனால் முந்தையோர் பிழை இவற்றின் வழியே மறுபதிப்புப் பெற்றிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு புரட்ட வேண்டும்.

பெருவழுதிக்குப் பின்

சங்ககாலக் காசுகளைப் பொறுத்தவரை 1980களின் நடுப்பகுதியை எல்லைக்கோடாகக் கொள்ளலாம். மீன் சின்னம் பொறித்த சதுரச் செப்புக்காசுகள் அதற்கு முன்பே தெரிந்தவைதாம். பெயர் இல்லாததால் காலம் குறித்து ஆளுக்கொரு கருத்து இருந்தது. அப்போது தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களின் நடுவில் வெளியிட்ட ஒரு காசில் குதிரை இருந்தது. அருகே தொட்டியில் இரண்டு ஆமைகள். மேலே தமிழ்-பிராமியில் 'பெருவழுதி'. பின்புறம் கோடுகளால் ஆன மீன். பெயர் கிடைத்ததும் மற்றக் காசுகளை வரிசைப்படுத்த ஒரு நங்கூரம் அமைந்தது. மாக்கோதை, குட்டுவன் கோதை பெயர்களும் தலையுருவமும் கொண்ட சேரர் வெள்ளிக்காசுகளையும் சேர்த்து 'சங்ககாலத் தமிழ்க் காசுகள்' பற்றிய அவரது ஆங்கில நூல் 1997இல் வந்தது. ஐராவதம் மகாதேவனின் 2003ஆம் ஆண்டு நூல் இவ்வெழுத்துகளைத் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளோடு வைத்துப் பார்த்தது.

இங்கும் ஒரு வரம்பு உண்டு. பெருவழுதி என்ற பெயரைப் பாண்டியர் பலர் தாங்கியுள்ளனர். புறநானூற்றின் முதுகுடுமிப் பெருவழுதிதான் இவன் என்று அடித்துச் சொல்லக் காசில் சான்று இல்லை. கரூர் அமராவதி ஆற்றில் மணலை அரித்து எடுத்த காசுகளுக்கு ஊர்ப்பெயர் உண்டு, மண்ணடுக்கு கிடையாது. அழகன்குளம் போன்ற அகழாய்வுகளில் கிடைத்த ஒரு சில காசுகள் எண்ணிக்கையில் சிறியவையானாலும், காலம் சொல்வதில் ஆற்றங்கரைக் குவியலைவிட எனக்கு மேலானவை.

விலைப்பட்டியல்கள் தனி இனம். 1972 முதல் வெளிவந்த கிராஸ்-மிஷ்லர் உலக நாணயப் பட்டியல், கம்பெனிக் காசுகளுக்கும் பிரிட்டிஷ் இந்திய நாணயங்களுக்கும் ஆண்டு, அக்கசாலைக் குறி, வகை எண் பார்க்கப் பயன்படும். சோழர் செப்புக்காசின் அடையாளத்தை அதில் தேடுவது வீண்வேலை. கண்ணைக் கவரும் படங்களோடு வரும் புதிய விற்பனைக் கையேடுகளில் எடையும் கிடைத்த இடமும் இல்லையென்றால், அவற்றைவிட எலியட்டின் பழைய பதிப்பே மேல்.

சேகரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். காசு கைக்கு வந்த அன்றே எடை, விட்டம், உலோகம், எங்கே யாரிடம் பெற்றது, விற்றவர் சொன்ன ஊர் ஆகியவற்றை உறையின் மேல் எழுதிவிடுங்கள். தேய்ந்த காசாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த கையேட்டை எழுதப்போகிறவருக்கு உங்கள் உறையில் இருக்கும் குறிப்புதான் சான்று.